எழுதிக் கேட்டால் அமைச்சர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டுமா?

சிங்கப்பூரில் வசிக்கும் ஒரு பெற்றோரிடமிருந்து வந்த கேள்வி இது: “பிள்ளை படிக்கும் பாலர் பள்ளியில் தாய்மொழி என்றால் சீனம் மட்டும்தான். மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போய் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் சொன்னேன். ‘எழுத்துபூர்வ பதில் கேட்டு ஒரு கேள்வி தாக்கல் செய்கிறேன்’ என்றார். எழுத்தில் கேட்டால் எழுத்தில் ஏதோ ஒன்று வரும், அதை யார் படிக்கப்போகிறார்கள்? அவையில் எழுந்து நின்று கேட்டால்தானே அமைச்சருக்கு உறைக்கும்? ஊரில் எதிர்க்கட்சிக்காரர்கள் அவையையே முடக்கிவிடுவார்கள். இங்கே எல்லாம் இவ்வளவு மென்மையாக நடந்தால் எந்த அமைச்சர் பொறுப்பேற்பார்?”

பாதி சரி. எழுத்துபூர்வ பதிலில் பரபரப்பு இருக்காது, அன்றைய செய்தியிலும் அநேகமாக வராது. ஆனால் உங்கள் விஷயத்துக்கு அவர் சரியான வழியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நடைமுறை. ஓர் உறுப்பினர் ஓர் அமர்வு நாளுக்கு அதிகபட்சம் 5 கேள்விகள் தாக்கல் செய்யலாம். அவற்றில் 3 மட்டுமே வாய்மொழிப் பதிலுக்கு. சாதாரணமாக 7 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். கேள்வி நேரம் ஒன்றரை மணி நேரம். அதற்குள் எல்லா வாய்மொழிக் கேள்விகளுக்கும் பதில் சொல்லி முடிப்பது அபூர்வம். பட்டியலில் கீழே இருப்பவை அப்படியே நின்றுவிடும். நின்றுபோனவற்றுக்கு, உறுப்பினர் இன்னொரு நாளுக்குத் தள்ளிவைக்கச் சொல்லாவிட்டால், எழுத்தில் பதில் வரும். ஹன்சார்டு எனும் அவைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் இதற்கென்றே தனித் தலைப்பு இருக்கும்: கேள்வி நேரத்துக்குள் பதிலளிக்கப்படாத வாய்மொழிக் கேள்விகளுக்கான எழுத்துபூர்வ பதில்கள். ஆக, எழுந்து நின்று கேட்க நினைத்தவை பலவும் கடைசியில் காகிதத்தில்தான் போய் முடிகின்றன.

இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் துணைக் கேள்வி. வாய்மொழிப் பதில் வந்ததும் கேட்டவர் எழுந்து, “அப்படியானால் இது எப்படி?” என்று தொடரலாம், மற்ற உறுப்பினர்களும் சேர்ந்துகொள்ளலாம். எழுத்தில் அது கிடையாது. பதில் திருப்தியாக இல்லையென்றால் அடுத்த அமர்வுக்குப் புதிய கேள்வி தாக்கல் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அமைச்சரின் நிலைப்பாட்டை அறிய வேண்டுமென்றால் வாய்மொழி, எண்கள் வேண்டுமென்றால் எழுத்து என்று உறுப்பினர்கள் பிரித்துக்கொள்வது அதனால்தான். ஐந்தாண்டுக் கணக்கை ஆண்டுவாரியாக, வட்டாரவாரியாக ஓர் அமைச்சர் நின்றுகொண்டு வாசித்தால் யாருக்கும் எதுவும் புரியாது.

தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்கு மக்களவையில் நட்சத்திரக் குறியிட்ட கேள்வி, குறியிடாத கேள்வி என்று இருப்பது நினைவிருக்கும். ஏறக்குறைய அதே பிரிவினைதான். ஆனால் இந்தியாவில் 2005இலிருந்து தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டி எந்தக் குடிமகனும் ஒரு மத்திய அரசு அலுவலகத்திடம் கணக்குக் கேட்கலாம். சிங்கப்பூரில் அப்படியொரு சட்டம் இல்லை. அமைச்சு தானாக வெளியிடாத ஓர் எண்ணைக் கேட்டு வாங்க நமக்கு இருக்கும் முறையான வழி, நம் சார்பில் ஓர் உறுப்பினர் கேட்பதுதான். அதனால் இங்கே அந்தச் சின்னக் கேள்விமேல் விழும் பாரம் அதிகம்.

பெரும்பான்மையையும் பார்க்க வேண்டும். 2025 மே தேர்தலில் 97 இடங்களில் 87 மக்கள் செயல் கட்சிக்கு, 10 பாட்டாளிக் கட்சிக்கு. இதற்கு மேல், தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர்களிலிருந்து வரும் தொகுதியில்லா உறுப்பினர்கள் இருவர், கட்சி சாராத நியமன உறுப்பினர்கள். வாக்கெடுப்பில் அரசாங்கத்தைத் தோற்கடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்படிப்பட்ட அவையில் அமைச்சரைக் கட்டிப்போடக்கூடியது அவர் வாயிலிருந்தோ பேனாவிலிருந்தோ வந்து பதிவேட்டில் ஏறிய வாக்கியம்தான். அவையை முடக்கினால் அன்று ஒரு செய்தி கிடைக்கும். பதில் கிடைக்காது.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் டிரேஸ்டுகெதர், கொவிட் தொற்றின் தடமறிய அரசாங்கம் கொண்டுவந்த செயலி. அதைப் பற்றி வந்தது வாய்மொழிக் கேள்வி, ஆனாலும் முன்கூட்டியே எழுதித் தாக்கல் செய்யப்பட்டது, அதன் வலு முழுக்க அந்த எழுத்தில்தான் இருந்தது. 2020 மார்ச்சில் செயலி வந்தது, பிறகு கையடக்கக் கருவிகள் வந்தன. அந்த ஆண்டு ஜூனில் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், இந்தத் தரவு தொற்றின் தடம் அறிய மட்டுமே என்று செய்தியாளர்களிடம் அழுத்தம் திருத்தமாகச் சொன்னார். நாமும் கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் கருவியைக் காட்டிக்கொண்டிருந்தோம். 2021 ஜனவரி 4 அன்று கிறிஸ்டஃபர் டி சூசா ஒரு கேள்வி கேட்டார்: இந்தத் தரவு குற்றப் புலனாய்வுக்குப் பயன்படுத்தப்படுமா, அதற்கான சட்ட விதிகளும் பாதுகாப்புகளும் என்ன? அவர் ஆளுங்கட்சி உறுப்பினர். கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை, கிண்டல் இல்லை, முன்னுரைகூட இல்லை. உள்துறைத் துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான் பதில் சொன்னார்: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறைக்கு எந்தத் தரவையும் பெறும் அதிகாரம் உண்டு, டிரேஸ்டுகெதர் தரவும் அதில் அடங்கும்.

அவ்வளவுதான், ஊரே பேச ஆரம்பித்துவிட்டது. மறுநாளே விவியன் பாலகிருஷ்ணன் அவையில் எழுந்து, முன்பு அப்படிச் சொன்னபோது அந்தச் சட்டம் தன் நினைவுக்கு வரவில்லை என்று விளக்க வேண்டியதாயிற்று. ஒரு மாதத்துக்குள், பிப்ரவரி 2 அன்று, இந்தத் தரவைக் கடுமையான 7 வகைக் குற்றங்களின் விசாரணைக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தும் சட்டம் அவசர மசோதாவாக நிறைவேறியது. தவறுக்குத் தானே முழுப் பொறுப்பு என்றும் அமைச்சர் அவையில் சொன்னார்.

இரண்டு வரிக் கேள்வி செய்த வேலை இது. டி சூசா “மக்களை ஏமாற்றிவிட்டீர்களே” என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதலில், அப்படிக் கேட்கவே முடியாது. நிலையான ஆணைகள் எனும் அவை விதிகள் கேள்விக்குள் வாதம், கருத்து, ஊகம் வைப்பதை அனுமதிப்பதில்லை. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைத் தொடவும் தடை உண்டு. அப்படியே விட்டிருந்தாலும் அமைச்சர் “ஏமாற்றவில்லை” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார். “சட்டத்தில் இடம் உண்டா?” என்று கேட்டால் உண்டு அல்லது இல்லை என்றுதான் சொல்ல முடியும். இந்த விதிகள் உறுப்பினரின் கையைக் கட்டுவதாகத் தோன்றும். என் பார்வையில் நல்ல உறுப்பினருக்கு அவை உதவிதான். சட்டை செய்யாமல் நழுவ இடம் தருவது பெரும்பாலும் நாம் ஆத்திரத்தில் சேர்க்கும் அடைமொழிகள்தாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்டது எதிர்க்கட்சி அல்ல. ஆளுங்கட்சிப் பின்வரிசை உறுப்பினர்கள் கேட்பதெல்லாம் நாடகம் என்று கோப்பிக்கடையில் சொல்வோம். சில கேள்விகள் அப்படித்தான் இருக்கும், மறைக்க என்ன இருக்கிறது? அமைச்சு ஏற்கெனவே அறிவிக்கக் காத்திருக்கும் திட்டத்தைப் பற்றி, “அமைச்சு என்ன திட்டம் வைத்திருக்கிறது?” என்று கேட்பது பந்தை மெதுவாகத் தூக்கிப் போடுவதுதான். ஆனால் லாரியின் பின்பக்கத்தில் வெளிநாட்டு ஊழியர்களை ஏற்றிச் செல்வதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டவர் அப்போது நீ சூன் குழுத்தொகுதி உறுப்பினராக இருந்த லூயிஸ் இங், அவரும் ஆளுங்கட்சிக்காரர்தான். இருக்கை வார் இல்லை, இருக்கையே இல்லை, நம் ஊர்ப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து விரைவுச்சாலையில் போகிறார்கள். தடை இன்னும் வரவில்லை. ஆனால் ஏன் தடை செய்யவில்லை என்ற காரணத்தை, அதாவது சிறு நிறுவனங்களின் செலவு, பேருந்துகளும் ஓட்டுநர்களும் போதாமை போன்றவற்றை, அரசாங்கம் அவையில் சொல்லிப் பதிவில் வைக்க வேண்டியிருந்தது. பதிவில் இருக்கும் காரணத்தைத்தான் எதிர்த்து வாதாட முடியும்.

நியமன உறுப்பினர்களும் அப்படியே. 2020 மே மாதம், தங்குவிடுதிகளில் கொவிட் பரவிக்கொண்டிருந்த நேரத்தில், வெளிநாட்டு ஊழியர்களிடம் அரசாங்கம் மன்னிப்புக் கேட்குமா என்று அந்தியா ஓங் கேட்டார். மன்னிப்புக் கேட்கச் சொன்ன ஓர் ஊழியரைக்கூடத் தான் சந்தித்ததில்லை என்று மனிதவள அமைச்சர் ஜோசஃபின் டியோ சொன்னார். அந்தப் பதிலைப் பலர் இன்னும் மறக்கவில்லை. இது எழுத்தில் வந்திருந்தால் நாலு அதிகாரிகள் பார்த்துச் செப்பனிட்டிருப்பார்கள். வாய்மொழிக்கு இருக்கும் தனிப் பயன் இதுதான், இதை நான் மறுக்கவில்லை.

அந்த அதிகாரிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எழுத்துபூர்வ கேள்வியின் பாதி விளைவு வெளியே தெரியாமல் அமைச்சுக்குள்ளேயே நடந்துவிடும். கேள்வி வந்ததும் அது தொடர்புடைய பிரிவுக்குப் போகும். அங்கிருந்து கழகங்களுக்கும் ஆணையங்களுக்கும் மின்னஞ்சல் பறக்கும். எண் எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, போன வருடம் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். வரைவு பல மேசைகளைத் தாண்டி அமைச்சரிடம் போகும். கடைசியில் அது அவர் பெயரில் வருவதால் அவர் படித்தே ஆகவேண்டும். யாரும் எண்ணிப் பார்க்காத ஒன்றை எண்ண வைப்பதே ஒரு பொறுப்பேற்க வைத்தல்தான். பதிலில் பிழை இருந்தால் பின்னர் எழுத்துபூர்வமாகத் திருத்தம் கொடுப்பார்கள், அதுவும் ஹன்சார்டில் ஏறும்.

நழுவல்கள் உண்டா என்றால், நிறைய உண்டு. அடிக்கடி வருவது, “அமைச்சு இந்தத் தரவைக் கண்காணிப்பதில்லை.” படிக்கும்போது கோபம் வரும். ஆனால் அதுவும் ஒரு பதில்தான். கண்காணிக்காத ஒரு விஷயத்தில் கொள்கை நன்றாக நடக்கிறது என்று அதே அமைச்சு பின்னொரு நாள் சொல்ல வந்தால், “எண்ணே இல்லையே, எப்படித் தெரிந்தது?” என்று கேட்கலாம். கெட்டிக்கார உறுப்பினர் அடுத்த அமர்விலேயே, இனி அதைத் திரட்ட அமைச்சு பரிசீலிக்குமா என்று தாக்கல் செய்வார். இன்னொரு நழுவல், ஒரே பொருளில் வந்த ஏழெட்டுக் கேள்விகளைச் சேர்த்து ஒரே பதில் தருவது. நேரம் மிச்சமாகும் என்பது உண்மை. அதில் யாரோ கேட்ட கூர்மையான ஒரு பகுதி கரைந்துபோவதும் உண்மை. பெரிய விவகாரமென்றால் கேள்விகள் குவிந்து அமைச்சர்நிலை அறிக்கையாகவே வரும். 2024 டிசம்பரில் நிறுவனப் பதிவுகளுக்கான பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்கள் முழுதாகத் தெரிந்த விவகாரத்துக்கு, அடுத்த ஜனவரியில் இரண்டு அமைச்சர்கள் அப்படித்தான் அறிக்கை வாசித்தார்கள். பேருந்து, ரயில் கட்டண முறையான சிம்ப்ளிகோ விஷயத்தில் 2024 ஜனவரியில் முடிவை மாற்றிக்கொண்டு பழைய அட்டைகளையும் வைத்துக்கொள்ள ஆகும் 4 கோடி வெள்ளி எதற்கு என்பதை, பிப்ரவரியில் அமைச்சர் சீ ஹொங் டாட் அவையில் விளக்க வேண்டியிருந்தது.

இவற்றைவிட நுட்பமானது வகைப்பாட்டுக்குள் ஒளிவது. 2020 ஜனவரியில் வேலைவாய்ப்புப் பற்றிய விவாதத்தில் பாட்டாளிக் கட்சியின் பிரித்தம் சிங், “உள்ளூர்வாசிகள்” என்று சொல்லப்படும் எண்ணைக் குடிமக்கள், நிரந்தரவாசிகள் என்று பிரித்துத் தரக் கேட்டார். அப்போது வர்த்தக, தொழில் அமைச்சராக இருந்த சான் சுன் சிங், எண்களைத் தரலாம், ஆனால் இந்தக் கேள்வியின் நோக்கம் என்ன என்று திருப்பிக் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரித்துக் கேட்பவர் நோக்கத்தைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை, எண் சொல்லட்டும். ஆனால் அந்த வாக்குவாதம் ஒன்றைத் தெளிவாக்கியது. எந்தச் சொல்லுக்குள் யார் யாரைச் சேர்த்து எண்ணுகிறார்கள் என்பதைக் கேள்வியிலேயே பிடிக்காவிட்டால், உண்மையான எண்ணே தவறான படத்தைக் காட்டும்.

சரி, உங்கள் பாலர் பள்ளிக்கு வருவோம். “இந்தப் பள்ளியில் ஏன் தமிழ் இல்லை?” என்று நாடாளுமன்றத்தில் கேட்டுப் பெரிய பயன் இருக்காது. தனி ஒரு பள்ளி, தனி ஒரு குடும்பத்தின் விஷயத்தை உறுப்பினர் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்புக்குக் கடிதமாக எழுதுவார், அது வேறு வழி, அதையும் விட வேண்டாம். கேள்வியாகப் போக வேண்டுமென்றால் பிரச்சினை நாடு தழுவியதாக விரிய வேண்டும், கேள்வியோ சுருங்க வேண்டும். வழக்கமான வடிவத்தில் இப்படி வரும்:

சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சரிடம் கேட்கப்படுவது: (அ) கடந்த 5 ஆண்டுகளில், ஒவ்வோர் ஆண்டும், தமிழைத் தாய்மொழியாகக் கற்பிக்கும் பாலர் பள்ளிகள் எத்தனை; (ஆ) அவற்றில் முழுநேரத் தமிழாசிரியர் உள்ளவை எத்தனை; (இ) தமிழ் கற்பிக்காத பாலர் பள்ளியில் சேர்ந்துள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் கிடைக்க அமைச்சு என்ன ஏற்பாடு செய்கிறது.

“ஒவ்வோர் ஆண்டும்” என்பதை விட்டுவிட்டால் ஐந்தாண்டு மொத்தமோ சராசரியோ வந்து நிற்கும், கூடுகிறதா குறைகிறதா என்று தெரியாது. (ஆ) இல்லாவிட்டால் வாரம் ஒரு முறை வந்துபோகும் ஆசிரியரும் கணக்கில் ஏறிவிடுவார். கல்வி அமைச்சு நடத்தும் பாலர் பள்ளிகளைத் தனியாகப் பிரித்துக் கேட்பதும் நல்லது. இல்லையென்றால் அவற்றின் நிலவரம் தனியார் பள்ளிகளின் நிலவரத்தை மூடிவிடும். கேள்வி எந்த அமைச்சருக்குப் போகிறது என்பதையும் உங்கள் உறுப்பினரின் உதவியாளரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின்கீழ் வருவது. கல்வி அமைச்சருக்குப் போட்டுவிட்டால் அவர் தன் பள்ளிகளைப் பற்றி மட்டும் சொல்லி முடித்துவிட வாய்ப்பு உண்டு.

தமிழிலேயே கேட்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். அரசமைப்புச் சட்டத்தின் 53ஆம் விதிப்படி மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் நான்கிலும் அவையில் பேசலாம், உடனடி மொழிபெயர்ப்பும் உண்டு. வரவுசெலவு விவாதத்தில் சிலர் தமிழில் பேசுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கேள்விகள் நடைமுறையில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. உங்கள் விஷயத்தில் எண்தான் முக்கியம், ஆங்கிலத்திலேயே இருக்கட்டும்.

பதில் வந்ததும் மூன்று இடங்களில் நின்று படியுங்கள். “பெரும்பாலான” என்று வந்தால் எத்தனையில் எத்தனை என்று பாருங்கள். “தேவைக்கேற்ப” என்று வந்தால், அந்தத் தேவையை யார், எப்படி அளக்கிறார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. பத்துப் பெற்றோர் கேட்டால்தான் வகுப்பு என்று ஒரு பள்ளி வைத்திருந்து, வகுப்பே இல்லாததால் தமிழ்ப் பெற்றோர் அங்கு வராமல் இருந்தால், தேவை எப்போதும் சுழியமாகத்தான் தெரியும். (அ), (ஆ), (இ) மூன்றில் எதற்காவது பதிலே இல்லையா என்றும் பாருங்கள். அப்படி விடுபட்டிருந்தால் அதை மட்டும் எடுத்து, வாய்மொழிப் பதிலுக்குத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். கையில் முதல் பதில் இருக்கும்போது துணைக் கேள்விக்கு உறுப்பினர் தயாராகப் போவார், அமைச்சரும் அதைத் தெரிந்துகொண்டுதான் வருவார்.

நாடாளுமன்றம் சுமாராக மாதம் ஒரு முறை கூடுகிறது, ஆண்டு நடுவிலும் கடைசியிலும் இடைவெளி வரும். ஆகவே இரண்டு சுற்றுக்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் நாடாளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சார்டிலும், பெரும்பாலும் அமைச்சின் தளத்திலும் இருக்கும். உறுப்பினரின் பெயரையும் “பாலர் பள்ளி” என்பதன் ஆங்கிலச் சொல்லையும் போட்டுத் தேடினால் கிடைக்கும். தேடும்போது முந்தைய ஆண்டுகளில் யாராவது இதே விஷயத்தைக் கேட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இருந்தால் அந்தத் தேதியைக் குறித்து உறுப்பினரிடம் கொடுங்கள். அப்போது சொன்ன எண்ணோடு இப்போது சொல்லும் எண்ணை ஒப்பிட்டுக் காட்டும் வேலையை அமைச்சே செய்யட்டும்.